'உங்களுக்கு இது தேவையில்லை' என்று சொல்வதற்கும் கூலி வேண்டும்

பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடுவதற்கு முந்தைய கிழமைகளில், வடமேற்கு லண்டனில் உள்ள எங்கள் மருந்தகத்துக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "பிள்ளை, ஊருக்குப் போறம். மலேரியாக் குளிசை தாங்கோ." ஊர் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை. என் பதிலும் ஒன்றுதான். இலங்கையில் இப்போது மலேரியா பரவுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அதை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. வன்னியில் குளிரும் நடுக்கமுமாகக் கிடந்து எழும்பியவர்கள் இதை உடனே நம்பமாட்டார்கள். அவர்கள் விட்டுவந்த வன்னி அப்படியேதான் அவர்கள் மனதில் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் இருந்து பேச வேண்டும். மலேரியா போனாலும் டெங்கு இருக்கிறது, அந்த நுளம்பு பகலில் கடிக்கும், பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள், பூசும் மருந்தை மாலை வரை காத்திருக்காமல் காலையிலேயே பூசுங்கள் என்று பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கடைசியில் அவர்கள் ஒரு குளிசையும் வாங்காமல் போவார்கள். அதுதான் சரியான முடிவு. அந்தப் பேச்சுக்கு எனக்கு ஒரு பென்ஸ்கூட வராது.

பேசாமல் விற்றிருந்தால்? பெரியவர்களுக்கான மலேரியாக் குளிசைகளில் ஒன்றை இங்கே 2017 முதல் வைத்தியரின் சீட்டு இல்லாமலே மருந்தாளர் விற்கலாம். போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிவந்து ஏழு நாள் வரை தினமும் ஒன்று. இரண்டு கிழமைப் பயணத்துக்கு நாலு பெரியவர்களின் கணக்கைப் போட்டால் நூறு பவுணை எளிதில் தாண்டும். சட்டப்படி அதில் குற்றம் ஏதுமில்லை. வாங்கியவர்களும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

பிரித்தானிய மருந்தகங்கள் தனியார் மருத்துவ சேவைக்குள் இறங்குவது பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்தக் கணக்குத்தான். சேவையை நான் எதிர்க்கவில்லை, எங்கள் கடையிலேயே பயணத் தடுப்பூசி அறை இருக்கிறது. விற்றால் மட்டும் கூலி, விற்காமல் அறிவுரை சொன்னால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறேன்.

எந்தக் கடைத்தெருவிலும் இப்போது மருந்தகக் கண்ணாடியைப் பாருங்கள். பயணத் தடுப்பூசி, காதுக் குறும்பி எடுத்தல், உடல் எடை குறைக்கும் ஊசி, முடி உதிர்வுச் சிகிச்சை என்று வரிசையாக எழுதி ஒட்டியிருக்கும். இதைப் பேராசை என்று சொல்கிறவர்கள் கடையின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. இங்கிலாந்தின் எல்லா மருந்தகங்களுக்கும் சேர்த்துத் தேசிய சுகாதார சேவை, அதாவது என்.எச்.எஸ்., ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை 259 கோடியே 20 இலட்சம் பவுண். 2019 முதல் 2024 வரை அது அசையவில்லை. அந்த ஐந்து வருடத்தில் மின்சாரம் ஏறியது, வாடகை ஏறியது, கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளின் சம்பளமும் நியாயமாகவே ஏறியது. சீட்டில் உள்ள ஒரு மருந்தை எடுத்து, சரிபார்த்து, விளக்கிக் கொடுத்தால் எங்களுக்குக் கிடைத்த கூலி 1 பவுண் 27 பென்ஸ். 2025 ஏப்ரலில்தான் அது 1 பவுண் 46 ஆனது. நீங்கள் கவுண்டரில் கட்டும் 9 பவுண் 90 பென்ஸ் எங்கள் பைக்குள் போகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது என்.எச்.எஸ்.இன் பணம், நாங்கள் வசூலித்துக் கொடுக்கிறோம். சில மாதங்களில் ஒரு மருந்தை நாங்கள் வாங்கும் விலையைவிட அவர்கள் திருப்பித் தரும் விலை குறைவாக இருக்கும். அந்த மருந்தைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கடைக்கு நட்டம். கொடுக்காமல் இருக்கவும் முடியாது.

இந்தக் காலத்தில் பெரியவர்களே நிற்க முடியாமல் விழுந்தார்கள். லொயிட்ஸ் பார்மசி 2023இல் செயின்ஸ்பரி அங்காடிகளுக்குள் இருந்த தன் கிளைகள் அத்தனையையும் மூடியது. பிறகு மிச்சக் கிளைகளையும் விற்று முடித்தது. பூட்ஸ் அதே ஆண்டில் 300 கிளைகளை மூடப்போவதாக அறிவித்தது. சின்னக் கடைக்காரர்கள் தாக்குப்பிடித்தது எப்படி என்றால் பாதிப் பதில் அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டியலில்தான் இருக்கிறது. சனிக்கிழமை கடை திறந்திருப்பதற்கும், ஒரு கிழவருக்கு வாராந்த மருந்துப் பெட்டியை அடுக்கி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் ஆகும் செலவை மஞ்சள் காய்ச்சல் ஊசி தருகிறது.

சேவையின் நன்மையையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் சனத்தில் எத்தனை பேர் பெற்றோல் நிலையத்திலும் முதியோர் இல்லத்திலும் இரவு வேலை செய்கிறார்கள்! காலை எட்டு மணிக்குக் குடும்ப வைத்தியரின் சர்ஜரிக்குத் தொலைபேசி எடுத்து வரிசையில் காத்திருக்க அவர்களால் முடியாது. வேலை முடிந்து வரும் வழியில் மாலை ஆறரைக்கு நுழைந்து ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்பது அவர்களுக்குப் பெரிய உதவி. திறமை பற்றிய சந்தேகமும் வேண்டாம். 2015 முதல் நாடு முழுவதும் மருந்தகங்களில் என்.எச்.எஸ். சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடுகிறோம். 2021 தொடக்கத்தில் கொரோனா ஊசியும் எங்கள் கைக்கு வந்தது. பயணத் தடுப்பூசிகளைப் பெரும்பாலும் பிஜிடி என்ற ஏற்பாட்டின் கீழ் போடுகிறோம். வைத்தியரும் மருந்தாளரும் கையொப்பமிட்ட அந்த ஆவணம் யாருக்கு, எந்த வயதில், எந்த நிலையில் போடலாம், யாருக்குப் போடவே கூடாது என்று வரிவரியாகச் சொல்லும். அதற்குள் நிற்பவர்களுக்கு மட்டும் தனிச் சீட்டு இல்லாமல் போடலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு இன்னும் கடுமை. நாத்நாக் என்ற தேசியப் பயண சுகாதார மையம் அங்கீகரித்த இடத்தில் மட்டுமே அதைப் போடலாம்.

ஆனால் அந்த அறைக்குள் நடக்கும் வேலையில் ஊசி கடைசி இரண்டு நிமிடம்தான். மீதி எல்லாம் கேள்வி. ஓர் உதாரணம் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய ஓர் ஐயா வருகிறார். தென்னாபிரிக்காவின் டர்பனில் உறவினர் வீட்டுக் கலியாணம். "ஆபிரிக்காவுக்குப் போறன் தங்கச்சி, மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமாமே?" என்று கேட்கிறார். தென்னாபிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களிடமும், அப்படியான நாட்டு விமான நிலையத்தில் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் தங்கி வருகிறவர்களிடமும்தான் அது சான்றிதழ் கேட்கிறது. ஆகவே முதலில் டிக்கெட்டைப் பார்க்க வேண்டும். லண்டனிலிருந்து நேரே யோகன்னஸ்பேர்க்கா, அல்லது நைரோபியில் இறங்கி ஒரு நாள் தங்கலா? நேரே என்றால் ஊசி வேண்டாம்.

அந்த 'வேண்டாம்' அவருடைய காசை மட்டும் மிச்சப்படுத்தவில்லை. அது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் செய்த தடுப்பூசி. அறுபது வயதுக்கு மேல் அரிதாக உள்ளுறுப்புகளையும் மூளையையும் தாக்கலாம். 2019 ஜனவரியில் லண்டன் ரோயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவர் மார்ட்டின் கோர் இந்த ஊசி போட்டுக்கொண்ட சிறிது காலத்தில் இறந்தார். அவருக்கு வயது 67. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கைகளைக் கடுமையாக்கியது. அறுபது தாண்டியவருக்கு உண்மையான ஆபத்து இருந்தால் மட்டும், தைமஸ் சுரப்பி நோயோ அந்தச் சுரப்பியை எடுத்த வரலாறோ இருந்தால் ஒருபோதும் இல்லை என்று ஆனது. கேள்வி கேட்காமல் ஊசி போடுகிற கடைக்கு அந்த ஐயாவிடம் எண்பது பவுண் அளவில் கிடைத்திருக்கும். கேள்வி கேட்ட கடைக்குக் கிடைத்தது ஒரு வாழ்த்து.

இன்னொன்று டெங்கு. கியூடெங்கா என்ற தடுப்பூசி இங்கே தனியாரிடம் கிடைக்கிறது. டெங்குவைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பயந்த தாய்மார் வந்து கேட்கிறார்கள். பயணிகளுக்கான பிரித்தானிய வழிகாட்டுதல் அதை ஏற்கெனவே டெங்கு வந்து தப்பியவர்களுக்கே பரிந்துரைக்கிறது. லண்டனில் பிறந்து டெங்குவையே காணாத பிள்ளைக்கு அது பரிந்துரைக்கப்படவில்லை. இதை விளக்கி, வலையும் பூச்சும் முழுக்கைச் சட்டையும் போதும் என்று அனுப்பினால் அதற்கும் கூலி பூச்சியம்.

எங்கள் சனத்தின் பக்கமும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. "நாங்கள் அங்க பிறந்து கிணத்துத்தண்ணி குடிச்சு வளந்தனாங்கள், எங்களுக்கு ஒண்டும் வராது." இதில் ஒரு துளி உண்மை உண்டு. செங்கமாரியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமி சின்ன வயதிலேயே வந்து போயிருந்தால், அந்த எதிர்ப்பு வாழ்நாள் முழுக்க நிற்கும். அம்மம்மாவுக்கு அந்த ஊசி தேவைப்படாமல் போகலாம். ஆனால் ஹரோவிலும் டூட்டிங்கிலும் பிறந்த பேரப்பிள்ளைக்கு அந்த எதிர்ப்பு எங்கேயிருந்து வரும்? நெருப்புக்காய்ச்சலோ, அதாவது டைபாய்டோ, அம்மம்மாவையும் விடாது. ஒருமுறை வந்ததால் மறுமுறை வராது என்ற உத்தரவாதம் அதற்கு இல்லை. இங்கே பதிவாகும் நெருப்புக்காய்ச்சலில் பெரும்பகுதி தெற்காசியாவில் உறவினரைப் பார்க்கப் போய்வந்தவர்களுக்கே வருகிறது. 2024இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் டைபாய்டும் பாராடைபாய்டும் சேர்ந்து 700 பேருக்கு மேல். விடுதியில் தங்கி அடைத்த போத்தல் தண்ணீர் குடிக்கும் சுற்றுலாக்காரரைவிட, சித்தப்பா வீட்டில் ஒரு மாதம் தங்கித் திருவிழாவில் ஐஸ்பழம் சாப்பிடுகிறவருக்கே ஆபத்து அதிகம். அவர்தான் தடுப்பூசி அறைக்குள் வருவதே இல்லை.

அவர் வராததற்குக் காசும் ஒரு காரணம். டைபாய்டு ஊசியும் ஹெபடைடிஸ் ஏ ஊசியும் கொலராவுக்கான தடுப்பு மருந்தும், டெட்டனஸ், டிப்தீரியா, போலியோ மூன்றுக்கும் சேர்ந்த ஊசியும் என்.எச்.எஸ்.இல் இலவசம். இது பலருக்குத் தெரியாது. தெரிந்து கேட்டாலும் இங்கிலாந்தில் அதைப் போட வேண்டியது குடும்ப வைத்தியரின் சர்ஜரி. அங்கே தாதிக்கு நேரம் கிடைக்க ஐந்து கிழமை, விமானத்துக்கோ மூன்று கிழமை. மருந்தகத்தில் அதே ஊசி, அதே குளிரூட்டிப் பெட்டி, அதே இரண்டு முதல் எட்டுப் பாகை. ஆனால் தனியார் விலை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும், இன்னொரு பகுதியில் உள்ள ஒரு கடையில் டைபாய்டுக்கும் ஹெபடைடிஸ் ஏக்குமாக முந்நூறு பவுணுக்கு மேல் கட்டியிருந்தார்கள். "சர்ஜரியில் இது இலவசம், முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்" என்று ஒருவரும் சொல்லவில்லை. தகப்பன் டெலிவரி வான் ஓட்டுகிறவர். ரசீதை என்னிடம் காட்டி, "இது சரியான விலைதானே அக்கா?" என்று கேட்டார். ஊசி சரி, முறை சரி, விலையும் சந்தை விலைதான். அவருக்கு என்ன பதில் சொல்வது? எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தக் கடையில் ஊசி போட்ட மருந்தாளர் அநேகமாக மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஒரு பிள்ளை. எத்தனை ஊசி போட்டாய் என்று வாராவாரம் கேட்கும் மேலாளர் தலைக்கு மேல் இருக்கும்போது 'இலவசம்' என்ற சொல் வாயில் வருவது சுலபம் அல்ல.

மாற்று வழியை எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தில் தடுப்பூசிப் பொறுப்பைக் குடும்ப வைத்தியர்களிடமிருந்து எடுத்து வட்டார சுகாதார சபைகளிடம் கொடுத்தார்கள். சில பகுதிகளில் அந்தச் சபைகள் பயணத் தடுப்பூசியை மருந்தகங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. இங்கிலாந்திலும் 2024 ஜனவரி 31 முதல் 'பார்மசி ஃபர்ஸ்ட்' நடக்கிறது. தொண்டைநோ, காதுவலி, அக்கி, பூச்சிக்கடிப் புண், பெண்களின் சிறுநீர்த் தொற்று என்று ஏழு நோய்களை மருந்தாளரே பார்க்கலாம். தகுதியான ஒவ்வொரு ஆலோசனைக்கும் என்.எச்.எஸ். எங்களுக்கு 15 பவுண் கொடுத்தது, 2025இல் அது 17 ஆனது. இதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. தொண்டையைப் பார்த்து, "அன்ரிபயோட்டிக் வேண்டாம், உப்புத்தண்ணீரில் கொப்பளியுங்கள், ஒரு கிழமையில் சரியாகும்" என்று அனுப்பினாலும் அந்தக் கூலி வரும். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதே கூலி. ஆகவே மருந்தாளரின் கை தானாக மருந்து அலுமாரியை நோக்கிப் போவதில்லை.

இதையே பயண ஆலோசனைக்கும் செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஊசிகளை மருந்தகத்திலும் இலவசமாகப் போட என்.எச்.எஸ். எங்களை ஒப்பந்தம் செய்யட்டும். ஆலோசனைக்கு ஒரு கூலி, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும். மஞ்சள் காய்ச்சல், விசர்நாய்க்கடி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற கட்டண ஊசிகளை விற்கும் எந்தக் கடையும், எது எங்கே இலவசம் என்பதைக் காசு வாங்குவதற்கு முன் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி வரட்டும். இப்படி விதி வந்தால் எங்கள் கடைக்கும் கொஞ்ச வருமானம் குறையும் என்பது எனக்குத் தெரியும்.

விடுமுறைக்குப் பறக்கிறவனின் ஊசிக்கு வரிப்பணம் ஏன் என்று கேட்கிறவர்கள் உண்டு. சபாரிக்குப் போகிறவரின் மஞ்சள் காய்ச்சல் ஊசியை நான் இலவசமாகக் கேட்கவில்லை. டைபாய்டும் ஹெபடைடிஸ் ஏயும் இலவசப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம், அவை ஊரிலிருந்து திரும்பி வந்து பாலர் பாடசாலையிலும் உணவகச் சமையலறையிலும் மற்றவருக்குத் தொற்றக்கூடியவை. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தலைகாட்டிய டைபாய்டு வகை வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அடங்குவதில்லை. ஒரு நோயாளியை மருத்துவமனையில் கிடத்தி நரம்புவழி மருந்து ஏற்றும் செலவில் எத்தனை ஊசி போடலாம்! அதோடு, எண்பது வயதுத் தாயைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போவதை உல்லாசப் பயணம் என்று எழுதிவைக்க எனக்கு மனமில்லை.

இதை அவசரமாகச் சொல்லக் காரணம் உண்டு. 2026 முதல் இங்கே பதிவாகும் புதிய மருந்தாளர்கள் எல்லோரும் மருந்து எழுதும் உரிமையோடு வெளிவருகிறார்கள். நான் இதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் எழுதுகிறவரும் விற்கிறவரும் ஒரே கூரையின் கீழ், சில கடைகளில் ஒரே ஆளாகவே இருக்கப்போகிறார். எடை குறைக்கும் ஊசியில் இதன் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டோம். இணையத்தில் யாரும் நேரில் பார்க்காமல் அந்த ஊசிகள் விற்கப்பட்டு, 2025இல் மருந்தகக் கட்டுப்பாட்டுச் சபை தன் விதிகளை இறுக்க வேண்டிவந்தது. பயண அறையில் அப்படி ஆன பிறகு விதி எழுத வேண்டாம்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு, விதி வரும்வரை: டிக்கெட் எடுத்த அன்றே சர்ஜரிக்கு அழைத்து, என்.எச்.எஸ். பயண ஊசி போடுகிறார்களா என்று கேளுங்கள். ஆறு முதல் எட்டுக் கிழமை இருந்தால் நல்லது. இடம் கிடைக்காவிட்டால் மருந்தகத்துக்கு வாருங்கள், எது கட்டாயம், எது விருப்பம், எது வேண்டாம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். விசர்நாய்க்கடி முன்தடுப்பு மூன்று ஊசி, மொத்தம் இருநூறு பவுணைத் தாண்டும். தெருநாய் நிறைந்த இடத்தில், மருத்துவமனை தூரமான கிராமத்தில், சின்னப் பிள்ளைகளோடு நீண்டநாள் தங்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். அந்த ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், லேசாகக் கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மொரோக்கோவில் ஒரு நாய்க்குட்டியின் சின்னக் கீறலைப் பெரிதாக எடுக்காத யோர்க்‌ஷயர்ப் பெண் ஒருவர் 2025 ஜூனில் அந்த நோயால் இறந்தார். அங்கே தொடங்கிய ஊசி வரிசை முடிவதற்குள் லண்டன் திரும்பிவிட்டால் மிச்ச ஊசிகளை இங்கே என்.எச்.எஸ். இலவசமாகப் போடும். அங்கே தந்த துண்டை மட்டும் தொலைக்காமல் கொண்டுவாருங்கள்.